எல்லைத் தாலுகாவிலிருந்து இதழியல் பட்டப்படிப்பு: பிளஸ் டூ முடித்தவருக்கான முழுமையான வழிகாட்டி

மே மாதத்தில் கேரளப் பிளஸ் டூ முடிவுகள் வெளியாகும் வாரத்தில், கொழிஞ்சாம்பாறை, வடகரப்பதி, எருத்தேம்பதி, கோவிந்தாபுரம் பக்கத்திலிருந்து யாராவது ஒருவர் மகனையோ மகளையோ அழைத்துக்கொண்டு என் வீட்டுத் திண்ணைக்கு வந்துவிடுகிறார். "கேமரா படிப்புங்களா, பேப்பர் படிப்புங்களா, எதுல சேர்த்தா வேலை கிடைக்குமுங்க?" என்பதுதான் கேள்வி. கோவையில் ஒரு நாளிதழின் டெஸ்க்கில், அதாவது செய்திகளைத் திருத்தி அச்சுக்கு அனுப்பும் பிரிவில், பல ஆண்டுகள் உட்கார்ந்திருந்தவன் என்பதால் என்னிடம் விடை இருக்கும் என்று நம்புகிறார்கள். நான் திருப்பிக் கேட்பது வேறொன்று: உங்கள் பிள்ளை எந்த மொழியில் செய்தி எழுதப் போகிறது, அதை யார் படிக்கப் போகிறார்கள்?

பாலக்காடு மாவட்டத்துச் சித்தூர் தாலுகாவில் வீட்டில் தமிழ் பேசி, வில்லேஜ் ஆபீசில் மலையாளத்தில் மனு கொடுத்து, நீதிமன்றத்திலிருந்து ஆங்கிலத்தில் உத்தரவு வாங்கி வாழும் குடும்பத்துப் பிள்ளைக்கு, இந்தக் கேள்விக்கான விடையே பாடப்பிரிவையும் கல்லூரியையும் பெரும்பாலும் முடிவு செய்துவிடும். மூணாறு, தேவிகுளம், பீர்மேடு தோட்டப் பகுதியில் இருப்பவர்களுக்கும், பாறசாலைப் பக்கத்தவர்களுக்கும் நிலைமை ஏறத்தாழ இதுவே. ஆகவே கல்லூரிப் பட்டியலிலிருந்து தொடங்காமல், எழுதும் மொழியிலிருந்து தொடங்கி இந்த வழிகாட்டியை எழுதுகிறேன்.

முதல் படி: பட்டத்தின் பெயருக்குள் என்ன இருக்கிறது என்று பாருங்கள்

எல்லைக்கு அந்தப் பக்கம், தமிழ்நாட்டில், ஊடகப் படிப்பு என்றாலே பெரும்பாலும் விஸ்காம் எனப்படும் பி.எஸ்சி. காட்சித் தொடர்பியல்தான். ஓவியம், ஒளிப்படம், வடிவமைப்பு, வீடியோ, எடிட்டிங், அனிமேஷன், விளம்பரம் ஆகியவற்றை இது முதன்மையாகக் கற்பிக்கிறது. செய்தி எழுதுதல் ஓரிரு தாள்களாக மட்டும் வந்துபோகும். கேரளத்தில் பி.ஏ. இதழியல் மற்றும் மக்கள் தொடர்பியல் என்ற பெயரில் நடக்கும் படிப்பில் செய்தி சேகரித்தல், செம்மையாக்கம், ஊடகச் சட்டம், ஊடக வரலாறு, மக்கள் தொடர்பு ஆகியவை மையத்தில் இருக்கின்றன; கேமராவும் எடிட்டிங்கும் அவற்றுக்குத் துணையாக வருகின்றன. மல்டிமீடியா என்ற சொல் பெயரிலேயே உள்ள பட்டங்கள் விஸ்காமுக்குப் பக்கத்து வீடு.

செய்தியாளராக வேண்டும் என்று உறுதியாக இருப்பவர் விஸ்காமில் சேர்ந்தால் மூன்றாண்டும் வீண் என்று சொல்லமாட்டேன். இன்று எந்தச் செய்தியாளரும் வீடியோ எடுக்காமல் தப்ப முடியாது. ஆனால் அவர் செய்தி எழுதும் பயிற்சியையும் சட்ட அறிவையும் வகுப்புக்கு வெளியே தாமே தேடிக்கொள்ள வேண்டியிருக்கும் என்பதை அறிந்து சேர வேண்டும். மாறாக, ஒளிப்பதிவிலோ விளம்பரத்திலோ ஆசை உள்ள பிள்ளையை, "பேப்பர் வேலை கௌரவமானது" என்று இதழியலில் தள்ளுவது அவருக்கும் நல்லதில்லை, பேப்பருக்கும் நல்லதில்லை.

மூன்றாவது வழி ஒன்றும் இருக்கிறது. நான் அதைப் பலருக்குப் பரிந்துரைத்திருக்கிறேன். பொருளாதாரம், அரசியல், வரலாறு, தமிழ் ஆகியவற்றில் ஒன்றை இளங்கலையில் ஆழமாகப் படித்துவிட்டு, இதழியலை முதுநிலை டிப்ளமோவாக ஓராண்டு படிப்பது. சென்னையில் உள்ள ஏசியன் காலேஜ் ஆஃப் ஜர்னலிசம், காக்கநாட்டில் உள்ள கேரள மீடியா அகாதமி, கோட்டயத்தில் உள்ள இந்திய மக்கள் தொடர்பு நிறுவனத்தின் வளாகம் ஆகியவை பட்டம் முடித்தவர்களுக்கான இடங்கள். பிளஸ் டூ முடித்த கையோடு இவற்றின் வாசலில் நிற்க முடியாது என்பதைப் பெற்றோர் பலர் அறிவதில்லை. பட்ஜெட்டையும் நிலச்சட்டத்தையும் புரிந்துகொண்டு வருகிறவர், செய்தியின் வடிவத்தை மட்டும் கற்று வருகிறவரைவிட டெஸ்க்கில் விரைவாக முன்னேறுவதைக் கண்ணால் பார்த்திருக்கிறேன்.

பத்தாம் வகுப்பு முடித்து இதைப் படிக்கும் மாணவருக்கு ஒரு செய்தி: கேரள மேல்நிலைக் கல்வியில் கலைப்பிரிவின் (ஹியூமானிட்டீஸ்) பாடத்தொகுப்புகள் சிலவற்றில் இதழியலே ஒரு பாடமாக இருக்கிறது. பிடிக்கிறதா என்று பார்க்க அதைவிடச் சிக்கனமான வழி இல்லை.

இரண்டாம் படி: எல்லையின் எந்தப் பக்கம்

கேரளப் பல்கலைக்கழகங்களில் 2024-25 கல்வியாண்டிலிருந்து நான்காண்டு இளங்கலை முறை நடைமுறைக்கு வந்துவிட்டது. மூன்றாண்டு முடிவில் 133 கிரெடிட்டுடன் (படித்து முடித்த பாடங்களுக்குத் தரும் மதிப்பலகு) பட்டம் பெற்று வெளியேறலாம். நான்காம் ஆண்டும் படித்து 177 கிரெடிட் பெற்றால் ஹானர்ஸ் பட்டம். இதழியலை முதன்மைப் பாடமாகவும் அரசியலையோ பொருளாதாரத்தையோ துணைப்பாடமாகவும் எடுத்துக்கொள்ள இம்முறை இடம் தருகிறது. ஆனால் எந்தெந்தச் சேர்க்கை உண்மையில் கிடைக்கும் என்பது அந்தக் கல்லூரியில் எந்தெந்தத் துறைகள் இருக்கின்றன என்பதைப் பொறுத்தது. ஆகவே பல்கலைக்கழகக் கையேட்டைப் படித்துக் கனவு காணாமல், கல்லூரிக்கு நேரில் போய்த் துறைகளை எண்ணிப் பாருங்கள். தமிழ்நாட்டில் மூன்றாண்டுப் பட்டமும் அதன்மேல் இரண்டாண்டு முதுகலையும்தான் பரவலான முறை.

பாலக்காடு மாவட்டம் கோழிக்கோடு பல்கலைக்கழகத்தின் எல்லைக்குள் வருகிறது. அதன் இணைப்புக் கல்லூரிகளுக்கு ஒற்றை விண்ணப்பத்தின் வழியே மையப்படுத்திய ஒதுக்கீடு நடக்கிறது. தன்னாட்சிக் கல்லூரிகள் தனியே விண்ணப்பம் வாங்குகின்றன. சித்தூர் அரசுக் கல்லூரி 1947இல் தொடங்கப்பட்டது. தமிழ்த் துறை உள்ள கல்லூரி. தமிழை முதன்மையாகப் படித்து, பின்னர் இதழியலுக்குப் போக நினைப்பவருக்கு வீட்டுச் சோற்றோடு படிக்கக் கிடைக்கும் வாய்ப்பு அது. தமிழ்நாட்டு அரசு கலை அறிவியல் கல்லூரிகளுக்கும் இணையவழியில் பொது விண்ணப்பம் உண்டு. கோவையின் தனியார், உதவிபெறும் கல்லூரிகள், காட்சித் தொடர்பியலுக்குப் பெயர்பெற்ற பி.எஸ்.ஜி. கலை அறிவியல் கல்லூரி உட்பட, தனித்தனியே சேர்க்கை நடத்துகின்றன.

பேருந்தும் இதில் ஒரு பாடம்தான். வேலந்தாவளம் வழியாகக் கோவைக்கும், கோபாலபுரம் வழியாகப் பொள்ளாச்சிக்கும் நாள்தோறும் போய்வருகிறவர்கள் நம் பக்கத்தில் ஏராளம். ஆனால் ஊடகப் படிப்பில் மாலை நேரப் படப்பிடிப்பும் இதழ் வேலையும் உண்டு. கடைசிப் பேருந்தைக் கணக்கில் வைத்துப் படிப்பவர் அவற்றை இழப்பார். முதலாண்டிலாவது விடுதியில் தங்க முடியுமா என்று குடும்பத்தில் பேசிப் பாருங்கள்.

மூன்றாம் படி: சான்றிதழ்களை ஏப்ரலிலேயே சேருங்கள்

நம் பகுதிப் பிள்ளைகள் ஏமாறுவது பெரும்பாலும் இங்கேதான். வீட்டில் தமிழ், சாதியும் அதே சாதி, மாமன் வீடு பொள்ளாச்சி என்றாலும், தமிழ்நாட்டின் இடஒதுக்கீடு அம்மாநிலத்தைப் பூர்வீகமாகக் கொண்டவர்களுக்கே உரியது. கேரளத் தாசில்தார் தந்த சான்றை வைத்திருப்பவர் அங்கே பொதுப்பிரிவில் போட்டியிட வேண்டும். சாதிப் பட்டியலும் மாநிலத்துக்கு மாநிலம் வேறு: இங்கே ஒரு வகையில் இருக்கும் பிரிவு அங்கே மற்றொரு வகையில் இருக்கலாம், இல்லாமலும் போகலாம். தமிழ்நாட்டு அரசின் புதுமைப்பெண், தமிழ்ப்புதல்வன் திட்டங்களின் மாதம் 1,000 ரூபாயும் அங்குள்ள அரசுப் பள்ளிகளில் படித்தவர்களை முன்வைத்தே வகுக்கப்பட்டது. கொழிஞ்சாம்பாறையில் படித்தவர் அதை நம்பி வரவுசெலவு போடக்கூடாது.

வேறு வாரியத்தில் பிளஸ் டூ முடித்தவரிடம் தமிழ்நாட்டுப் பல்கலைக்கழகங்கள் தகுதிச் சான்றும் இடப்பெயர்வுச் சான்றும் கேட்பது வழக்கம். அங்கே பட்டம் முடித்துவிட்டுக் கேரளத்தில் மேற்படிப்புக்கோ அரசு வேலைக்கோ வருபவரிடம் இணைத்தகுதிச் சான்று கேட்பார்கள். பெயரின் முதலெழுத்து விவகாரத்தையும் இப்போதே தீர்த்துவிடுங்கள். பள்ளிச் சான்றில் ஒரு முதலெழுத்து, ஆதாரில் வீட்டுப்பெயர், வங்கிக் கணக்கில் வேறொன்று என்று இருந்தால், உதவித்தொகை வரும் நாளில் அலைச்சல் மிஞ்சும்.

நான்காம் படி: கல்லூரிக்குள் நுழைந்ததும் கேட்க வேண்டியவை

கண்ணாடி அறையும் பச்சைத் திரையும் உள்ள ஸ்டுடியோவைக் காட்டி மயக்குவது எல்லாக் கல்லூரியிலும் நடக்கிறது. அதைப் பார்த்துத் தலையாட்டிவிட்டு, துறைத் தலைவரிடம் பயிற்சி இதழின் கடைசி மூன்று இதழ்களைக் கேளுங்கள். மாணவர்களே செய்தி சேகரித்து, எழுதி, பக்கம் கட்டி, குறித்த தேதியில் வெளியிடும் அந்த இதழ்தான் ஓர் இதழியல் துறையின் நாடித்துடிப்பு. மூன்று இதழ்களிலும் கல்லூரி ஆண்டுவிழாவும் முதல்வர் உரையும் மட்டும் இருந்தால் ஒன்று புரியும். சுற்றுவட்டாரத்துக் குடிநீரும் பேருந்தும் இருந்தால் வேறொன்று புரியும். இதழே கிடைக்கவில்லை என்றால் அதுவும் ஒரு விடைதான்.

அடுத்து, ஆசிரியர்களில் எத்தனை பேர் செய்தி நிறுவனத்தில் வேலை பார்த்தவர்கள், மாணவர் தமிழிலோ மலையாளத்திலோ பயிற்சி எழுத முடியுமா, இல்லை எல்லாம் ஆங்கிலத்தில்தானா என்று கேளுங்கள். பல கல்லூரிகளில் இதழியல் ஆங்கிலத்தில் கற்பிக்கப்பட்டு, மாணவர் தமிழ்ச் செய்தித்தாளில் வேலைக்குப் போகிறார். அங்கே முதல் ஆறு மாதம் அவர் மறுபடியும் தமிழ் எழுதக் கற்றுக்கொள்கிறார்.

ஐந்தாம் படி: மும்மொழி என்பதை உண்மையான தொழில்திறனாக்குவது

இந்தப் பகுதியில் பிறந்தவருக்கு இயல்பாகக் கிடைத்த மூலதனம் இது. ஆனால் பேச்சில் இருப்பது எழுத்தில் இருக்கிறது என்று எண்ணுவது தவறு. தமிழ்வழியில் படித்தவர்களில் மலையாளம் சரளமாகப் பேசுபவர்கூட மலையாள அரசாணையைப் படிக்கத் திணறுவதும், மலையாளவழியில் படித்தவர் தமிழில் ஒரு பத்தி எழுதினால் ஒற்றும் சந்தியும் தடுமாறுவதும் சாதாரணம். எது குறையோ அதை முதலாண்டிலேயே சரிசெய்ய வேண்டும். நாள்தோறும் ஒரு மலையாள நாளிதழின் பாலக்காட்டுப் பதிப்பையும் ஒரு தமிழ் நாளிதழின் கோவைப் பதிப்பையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படியுங்கள். எல்லையில் நடந்த ஒரே நிகழ்வை இரண்டும் எப்படி எழுதியிருக்கின்றன என்று ஒரு நோட்டில் குறித்துவாருங்கள். எடுத்துக்காட்டாக, 2022 செப்டம்பர் 21 அன்று பரம்பிக்குளம் அணையின் மதகு ஒன்று உடைந்து தண்ணீர் வெளியேறியது. அணை இருப்பது கேரளத்து நிலத்தில், இயக்குவது தமிழ்நாடு. அந்த வாரத்துப் பழைய இதழ்களை நூலகத்தில் எடுத்து, ஒரு மொழியில் தலைப்பான விவரம் மற்றொரு மொழியில் எத்தனையாவது பத்தியில் வருகிறது என்று எண்ணிப் பாருங்கள். செய்தித் தேர்வு பற்றிய பாடநூலின் ஓர் அத்தியாயம் அதில் அடங்கிவிடும்.

மொழிபெயர்ப்பில்தான் எல்லைக்காரர் அதிகம் வழுக்குகிறார். இரண்டும் உறவு மொழிகள் என்ற தைரியமே காரணம். மலையாளத்தில் 'வெள்ளம்' என்றால் தண்ணீர். தமிழில் பெருக்கெடுத்து வருவது. மலையாளத்தில் 'பட்டி' நாய். நமக்கு ஊர்ப்பெயரின் பாதி. நான் பணியில் சேர்ந்த இரண்டாம் மாதத்தில், ஆதிவாசிக் குடும்பங்கள் நிலத்தின்மீது 'அவகாசம்' கோரி நடத்திய போராட்டத்தின் மலையாள அறிக்கையைத் தமிழாக்கி, "நிலத்தைக் காலி செய்யக் கால அவகாசம் கேட்டனர்" என்று எழுதிவிட்டேன். மலையாளத்தில் அவகாசம் என்றால் உரிமை. உரிமை கேட்டவர்களை ஒரே வரியில் காலி செய்யச் சம்மதித்தவர்களாக ஆக்கிவிட்டேன். மறுநாள் திருத்தம் வெளியிட்டோம், ஆனால் திருத்தத்தை யார் படிக்கிறார்கள்? அன்றிலிருந்து இத்தகைய சொற்களை ஒரு சிறு நோட்டில் எழுதிவைக்கத் தொடங்கினேன். நீங்கள் கல்லூரியிலேயே தொடங்கிவிடுங்கள். இப்போது கணினி மொழிபெயர்ப்புச் செயலிகள் நொடியில் முழு அறிக்கையையும் மாற்றித் தருகின்றன. முதல் வரைவுக்கு அவற்றைப் பயன்படுத்துவதில் தவறில்லை; மூலத்தோடு வரிவரியாக ஒப்பிடாமல் அச்சுக்கு அனுப்புவதே தவறு.

மூணாறு பக்கத்து மாணவருக்கு இந்த மொழித்திறனின் எடை இன்னும் நன்றாகத் தெரியும். 2015 செப்டம்பரில் பொம்பிளை ஒருமை என்ற பெயரில் தோட்டத் தொழிலாளப் பெண்கள் போனஸுக்காக மூணாற்றுத் தெருவில் அமர்ந்தபோது, அவர்கள் முழங்கியதும் வாதாடியதும் தமிழில். 2020 ஆகஸ்ட் 6 இரவு பெட்டிமுடியில் மண் சரிந்து 70 பேர் மடிந்தபோதும் எஞ்சியவர்கள் அழுதது தமிழில்தான். அந்த மொழியில் கேட்டு, மலையாளத்தில் அதிகாரியிடம் விசாரித்து, இரண்டையும் பிழையின்றி எழுதக்கூடியவரின் இடத்தை இன்னொருவரால் எளிதில் நிரப்ப முடியாது.

தட்டச்சைப் பற்றி ஒரு வார்த்தை. 1999இல் சென்னையில் நடந்த தமிழ் இணைய மாநாட்டையொட்டித் தரப்படுத்தப்பட்ட தமிழ்99 விசைப்பலகையைக் கற்றுக்கொள்ளுங்கள். ஆங்கில எழுத்தில் அடித்துத் தமிழாக்கும் முறை கைப்பேசிக்குப் போதும். நாளுக்கு ஆயிரம் சொல் அடிக்க வேண்டிய டெஸ்க்குக்குப் போதாது.

ஆறாம் படி: மூன்றாண்டும் ஒரு பீட்டை வைத்துக்கொண்டு படியுங்கள்

பாடத்திட்டம் உங்களுக்கு என்ன, எங்கே, எப்போது, யார், ஏன், எப்படி என்ற ஆறு கேள்விகளையும், முக்கியமானதை முதலில் வைத்து முக்கியம் குறையக் குறையக் கீழே இறங்கும் தலைகீழ்ப் பிரமிடு வடிவத்தையும் கற்றுத்தரும். அவற்றை ஒரு மாதத்தில் கற்றுவிடலாம். மீதமுள்ள முப்பத்தைந்து மாதமும் ஒரு விஷயத்தைத் தொடர்ந்து பின்பற்றிப் பழகுவதற்கானவை. இதைத்தான் தொழிலில் பீட் என்கிறோம். சித்தூர் தாலுகாக்காரருக்குத் தண்ணீரைவிடப் பொருத்தமான பீட் எனக்குத் தோன்றவில்லை.

பரம்பிக்குளம் ஆழியாறு ஒப்பந்தம் 1970 மே 29இல் கையெழுத்தாகி, 1958 நவம்பர் 9 முதல் முன்தேதியிட்டு நடைமுறைக்கு வந்தது. அதன்படி மணக்கடவு அணைக்கட்டில் ஆண்டுக்கு 7.25 டி.எம்.சி. தண்ணீர் கேரளத்துக்குக் கிடைக்க வேண்டும். அது மூலத்தறை வழியாகச் சித்தூர் வயல்களுக்குப் போகிறது. ஒரு டி.எம்.சி. என்பது நூறு கோடி கன அடி. கன மீட்டரில் சொன்னால் ஏறத்தாழ 2.83 கோடி. ஆகவே நம் பங்கு சுமார் 20.5 கோடி கன மீட்டர். இந்தக் கணக்கைக் கால்குலேட்டர் வைத்து நீங்களே ஒருமுறை போட்டுப் பாருங்கள். அளவைச் சரிபார்க்காமல் கன அடியையும் கன மீட்டரையும் குழப்பி எழுதிய செய்திகளை நான் எண்ணற்ற முறை திருத்தியிருக்கிறேன்.

முதலாண்டில் ஒப்பந்தத்தின் உரையைத் தேடிப் படியுங்கள். ஒரு வாய்க்காலின் கடைமடை விவசாயி இருவரிடமும், மதகைத் திறக்கும் ஊழியர் ஒருவரிடமும் பேசி ஒரு சிறு செய்தி எழுதுங்கள். இரண்டாமாண்டில் இரு மாநிலத்துப் பொறியாளர்களும் வெளியிடும் அளவுகளை மாதந்தோறும் ஒரு அட்டவணையில் பதிந்துவாருங்கள். எங்கே முரண்படுகின்றன என்பதே உங்கள் அடுத்த செய்தி. மூன்றாமாண்டில் அதையே ஆறு நிமிட வீடியோவாகவோ ஒலி அறிக்கையாகவோ செய்தால், பட்டம் முடிக்கும்போது உங்கள் கையில் ஒரு பொருளைப் பற்றிய தொடர் வேலை இருக்கும். தண்ணீர் பிடிக்காதவருக்கு முதலமடை மாந்தோப்பு, சித்தூரில் தென்னங்கள் இறக்கும் தொழில், கஞ்சிக்கோட்டுத் தொழிற்பேட்டை, வாளையாறு வழிப் போக்குவரத்து என்று வேறு பீட்டுகள் இருக்கின்றன.

உள்ளூர்ச் செய்தி உலகச் செய்தியாவது எப்படி என்று அறிய, பெருமாட்டி ஊராட்சியின் பிளாச்சிமடையைவிடச் சிறந்த பாடம் அருகில் இல்லை. 2000இல் குளிர்பான ஆலை தொடங்கியது. கிணறுகள் கெட்டதாக மக்கள் சொன்னார்கள். 2002 ஏப்ரல் 22இல் ஆதிவாசி மக்கள் முன்னின்று போராட்டம் தொடங்கியது. 2003இல் ஊராட்சி உரிமத்தைப் புதுப்பிக்க மறுத்தது. 2004 மார்ச்சில் உற்பத்தி நின்றது. நிலத்தடி நீர் பொதுச் சொத்து என்று 2003 டிசம்பரில் கேரள உயர்நீதிமன்றத்தின் ஒரு நீதிபதி தீர்ப்பளித்ததும், 2005இல் இரு நீதிபதிகள் அமர்வு வேறு முடிவுக்கு வந்ததும் சேர்ந்துதான் முழுக்கதை. ஒரு தீர்ப்பை மட்டும் எழுதி மற்றதை விட்டுவிடும் பழக்கம் மாணவரிடம் அதிகம். அந்த ஆலை வழக்கின் ஆவணங்களை ஒரு பருவம் முழுக்கப் படித்தாலும் தகும்.

நிர்வாக வேறுபாடுகளையும் இந்தக் காலத்தில் பிடித்துக்கொள்ளுங்கள். தமிழ்நாட்டில் கிராம ஊராட்சித் தலைவரை மக்கள் நேரடியாகத் தேர்ந்தெடுக்கிறார்கள்; கேரளத்தில் வார்டு உறுப்பினர்கள் கூடித் தேர்ந்தெடுக்கிறார்கள். கிராமசபை அங்கே ஊராட்சி முழுமைக்கும் கூடுகிறது. இங்கே வார்டு வார்டாகக் கூடுகிறது. அங்குள்ள விஏஓவும் இங்குள்ள வில்லேஜ் ஆபீசரும் ஒரே பதவி என்று எழுதினால் இரு பக்கமும் சிரிப்பார்கள்.

ஏழாம் படி: சட்டத்தைத் தேர்வுக்காகப் படிக்காதீர்கள்

அரசமைப்பின் 19(1)(அ) பேச்சுரிமையைத் தருகிறது, 19(2) அதற்கு வரம்புகளை விதிக்கிறது என்பதில் தொடங்கும் ஊடகச் சட்டத் தாளை மனப்பாடம் செய்து மறந்துவிடுபவர்களே அதிகம். தெருவில் இறங்கியதும் முதலில் தேவைப்படுவது சில பிரிவுகள்தாம். பாலியல் குற்றத்தில் பாதிக்கப்பட்டவரின் அடையாளத்தை வெளியிடுவது, இந்திய தண்டனைச் சட்டத்தின் இடத்துக்கு வந்த பாரதிய நியாய சங்கிதாவின் 72ஆம் பிரிவின்படி குற்றம். குழந்தையாக இருந்தால் 2012ஆம் ஆண்டின் போக்சோ சட்டத்தின் 23ஆம் பிரிவும் சேர்ந்துகொள்ளும். பெயரை மறைத்துவிட்டு, ஊர், பள்ளி, தந்தையின் தொழில் ஆகியவற்றை எழுதினாலும் அடையாளம் வெளிவந்ததாகவே பொருள். சிறிய ஊரில் "எல்லை அருகே தேநீர்க்கடை நடத்துபவரின் மகள்" என்று எழுதினால் போதுமே! அவதூறு இப்போது 356ஆம் பிரிவில் இருக்கிறது. 2024 ஜூலை 1க்கு முந்தைய பாடநூல்கள் இந்திய தண்டனைச் சட்டத்தின் 499, 500 என்று சொல்லும். 1867ஆம் ஆண்டின் அச்சகச் சட்டத்துக்குப் பதிலாக 2023ஆம் ஆண்டின் பத்திரிகைப் பதிவுச் சட்டம் 2024 மார்ச் 1 முதல் நடப்பில் உள்ளது. துறை நூலகத்து நூல் பழையதென்றால் ஓரத்தில் பென்சிலால் திருத்திவையுங்கள்.

தகவல் பெறும் உரிமைச் சட்டம், 2005, மாணவர் கைக்கும் எட்டும் கருவி. கட்டணம் 10 ரூபாய், பதில் தர 30 நாள் கெடு. நல்ல விண்ணப்பம் கருத்துக் கேட்காது; கோப்பு, தேதி, தொகை, அளவு கேட்கும். "ஏன் தண்ணீர் வரவில்லை?" என்று கேட்டால் பதில் வராது, "சென்ற ஜூலை முதல் இந்த ஜூன் வரை மணக்கடவில் நாள்வாரியாகப் பதிவான நீரளவு" என்று கேட்டால் தாள்கட்டே வரும். கூடுதலாக ஒன்று: கேரளத்தின் 1969ஆம் ஆண்டு ஆட்சிமொழிச் சட்டம், குறிப்பிட்ட பகுதிகளில் வாழும் தமிழ்ச் சிறுபான்மையினர் அரசோடு தமிழில் கடிதம் எழுதவும் தமிழிலேயே பதில் பெறவும் வழிசெய்கிறது. அந்த உரிமை அலுவலகங்களில் எப்படி நடைமுறையாகிறது என்று பத்து அலுவலகங்களுக்குத் தமிழில் எழுதிப் பார்ப்பதே இறுதியாண்டுத் திட்டப்பணிக்கு ஒரு நல்ல தலைப்பு.

எட்டாம் படி: கருவியும் செலவும்

முதலாண்டில் பெரிய கேமரா வாங்காதீர்கள். ஓரளவு நல்ல கைப்பேசி, காலர் மைக், சிறு முக்காலி, இரண்டு நோட்டுப் புத்தகம் போதும். படம் கொஞ்சம் மங்கினால் பார்ப்பவர் பொறுப்பார். குரல் இரைந்தால் நகர்ந்துவிடுவார், ஆகையால் மைக்குக்கே முதல் செலவு. இரண்டாமாண்டில் வடிவமைப்பும் எடிட்டிங்கும் வரும்போது மடிக்கணினி வேண்டும். மற்றதெல்லாம் துறையில் இரவல் வாங்கலாம்.

ஒன்பதாம் படி: இன்டர்ன்ஷிப்பும் முதல் வேலையும்

கேரளத்தின் புதிய பாடத்திட்டத்தில் இன்டர்ன்ஷிப்புக்குக் கிரெடிட் உண்டு. பெரிய நகரத்துத் தலைமை அலுவலகத்தில் ஒரு மாதம் மூலையில் உட்கார்ந்து செய்திக்குறிப்பை மொழிபெயர்ப்பதைவிட, பாலக்காட்டிலோ பொள்ளாச்சியிலோ ஒரு மாவட்டச் செய்தியாளரின் பின்னால் இரண்டுசக்கர வண்டியில் சுற்றுவதில் கற்பது கூடுதல் என்பது என் எண்ணம். காவல் நிலையம், தாலுகா அலுவலகம், ஊராட்சிக் கூட்டம், சந்தை விலை என்று ஒரே நாளில் நான்கும் பார்க்கலாம். விகடனின் மாணவப் பத்திரிகையாளர் திட்டம் போன்றவற்றின் அறிவிப்புகளையும் கவனித்து விண்ணப்பியுங்கள். தேர்வுக்கு அவர்கள் கேட்கும் கட்டுரையை உங்கள் தாலுகாவைப் பற்றி எழுதினால், சினிமா பற்றி எழுதும் நூறு பேரிலிருந்து தனியே தெரிவீர்கள்.

வருமானத்தைப் பற்றி மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். எல்லையூர்களில் முதலில் கிடைப்பது பெரும்பாலும் ஸ்டிரிங்கர் வேலை: மாதச் சம்பளம் இராது, வெளியான செய்திக்கு இவ்வளவு என்று வரும், சில இடங்களில் விளம்பரம் பிடித்துத் தரச் சொல்வார்கள். செய்தி எழுதும் அதே ஆளிடம் விளம்பரம் கேட்பது இத்தொழிலின் பழைய நோய். ஓராண்டு அனுபவத்துக்காக அதை ஏற்கலாம். விளம்பர இலக்கு வைத்தால் விலகிவிடுங்கள். டெஸ்க்கில் உதவி ஆசிரியர் வேலையில் பெயர் வெளியே தெரியாது, இரவு வேலை, ஆனால் சம்பளம் நிலையானது. இரு மொழி படிக்கத் தெரிந்தவருக்கு அங்கே கதவு விரைவில் திறக்கும். செய்தி சரிபார்ப்பு, தொண்டு நிறுவனங்களின் ஆவணப்பணி, இரு மாநில அரசுகளின் செய்தி மக்கள் தொடர்புத் துறைகள், வசன எழுத்து, வீடியோவுக்கு மொழியாக்கம் என்று கிளைகள் வேறும் உண்டு.

"தமிழ்ப் பத்திரிகைக்கும் கேரளத்துக்கும் என்ன தொடர்பு?" என்று சில பெற்றோர் கேட்கிறார்கள். தினமலர் 1951இல் முதன்முதலில் வெளிவந்தது திருவனந்தபுரத்திலிருந்து. திருவிதாங்கூரின் தமிழ்ப் பகுதிகள் எந்த மாநிலத்தோடு சேர வேண்டும் என்ற பிரச்சினை கொதித்துக்கொண்டிருந்த காலம் அது. 1956 நவம்பர் 1இல் கன்னியாகுமரியும் செங்கோட்டையின் பெரும்பகுதியும் அந்தப் பக்கம் போயின. தேவிகுளமும் பீர்மேடும் இங்கே நின்றன. சென்னை மாநிலத்தின் மலபாரில் இருந்த பாலக்காடு கேரளத்துக்கு வந்தது.

கடைசிப் பருவத்தில் வேலைக்கு விண்ணப்பிக்கும்போது, முப்பது பக்கச் சுயவிவரத்தை அனுப்பாதீர்கள். வெளியான செய்திகளில் ஐந்து, ஒரு வீடியோ இணைப்பு, எந்தெந்த மொழியைப் படிக்கவும் எழுதவும் தட்டச்சு செய்யவும் தெரியும் என்ற மூன்று வரி, இவை போதும். டெஸ்க் தேர்வுக்கு அழைத்தால், அநேகமாக செய்தி ஏஜென்சி அனுப்பிய நீளமான ஆங்கிலச் செய்தியைத் தந்து 150 சொல்லில் தமிழில் சுருக்கச் சொல்வார்கள். பிழைகள் மலிந்த ஒரு பத்தியைத் திருத்தச் சொல்வார்கள். மூன்று தலைப்பு கேட்பார்கள். எல்லை மாவட்டப் பதிப்பாக இருந்தால் மலையாள அறிக்கை ஒன்றும் வரும். அதில் 'அவகாசம்' என்ற சொல் எங்கேயாவது இருக்கிறதா என்று முதலில் பாருங்கள்.